ஸ்டாக் ஸ்விட்ச்களுக்குக் கேபிள் இடுதல்: வளையத்தை மூடுங்கள், பிறகு பிடுங்கிப் பாருங்கள்

பல நெட்வொர்க் ஸ்விட்ச்களைச் சேர்த்து ஒரே ஸ்விட்சாக இயங்கவைப்பதுதான் ஸ்டாக். நான் முதன்முதலாகப் பொறுப்பேற்ற ஸ்டாக்கில் நான்கு ஸ்விட்ச்கள் இருந்தன. பின்புறம் நான்கு கேபிள்கள், வளையமாக. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அவற்றில் ஒரு கேபிளின் முனை முழுதாக உள்ளே போகாமல், திருகு முடுக்கப்படாமல், பல மாதங்களாகப் பயனற்றுக் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தும் நெட்வொர்க் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஒருநாள் ரேக்குக்குப் பின்னால் வேறு வேலையாகப் போன ஒருவரின் கை பட்டு இன்னொரு கேபிள் கழன்றது. ஸ்டாக் இரண்டாகப் பிளந்தது. இரண்டு துண்டுகளும் ஒரே ஐபி முகவரியை வைத்துக்கொண்டு, தலைமை தன்னிடமே இருப்பதாக எண்ணி இயங்கின. சிலருக்கு இணைப்பு அடியோடு போனது. சிலருக்கு விட்டுவிட்டு வந்தது. அந்த 'விட்டுவிட்டு'தான் எங்களை நெடுநேரம் தவறான இடத்தில் தேட வைத்தது.

முதல்முறையாக ஸ்டாக் அமைக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த போர்ட்டில் எந்தக் கேபிள் என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒவ்வொரு கேபிளைச் செருகும்போதும் "இது போனால் இதோடு சேர்ந்து வேறு எது போகும்?" என்று கேட்டுப் பழகிவிட்டால், இங்கே சொல்லாத மாடலைக்கூட உங்களால் சரியாக இணைத்துவிட முடியும்.

ஸ்டாக் என்பது எது

ஒரு ஸ்விட்சின் சாதாரண போர்ட்டிலிருந்து இன்னொன்றின் சாதாரண போர்ட்டுக்குப் பேட்ச் கார்டு (குட்டை நெட்வொர்க் கேபிள்) போட்டால் அது ஸ்டாக் ஆகிவிடாது. அவை அப்போதும் இரண்டு தனித்தனி ஸ்விட்ச்கள்தாம். ஐபி முகவரி தனி, அமைவு தனி, நிர்வாகமும் தனி. ஸ்டாக்கில் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து ஒரே ஸ்விட்சாக நடந்துகொள்கின்றன. ஒரு பெட்டி தலைமை வகிக்கிறது, இன்னொன்று மாற்றுத் தலைமையாகக் காத்திருக்கிறது, மற்றவை உறுப்பினர்கள். 48 போர்ட் ஸ்விட்ச்கள் நான்கைச் சேர்த்தால், நெட்வொர்க்கில் அதற்கு மேலே இருக்கும் கருவியின் கண்ணுக்கு அது 192 போர்ட் கொண்ட ஒரே ஸ்விட்ச்.

இணைக்கும் முறை இருவகைப்படும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9300 போன்றவற்றில் ஸ்டாக்குக்கென்றே பின்புறம் தனி போர்ட்டுகளும், அவற்றுக்கென்றே தடித்த கேபிள்களும் உண்டு. ஜூனிப்பரின் விர்ச்சுவல் சேஸி, அருபாவின் விஎஸ்எஃப் ஆகியவை பெரும்பாலும் வழக்கமான அதிவேக போர்ட்டுகளையே ஸ்டாக் வேலைக்கு ஒதுக்கிக்கொள்ளும். முதல் வகையில் பொதுவாக வேகம் அதிகம், ஆனால் பெட்டிகள் அருகருகே இருந்தாக வேண்டும். இரண்டாம் வகையில் ஃபைபர் போட்டு வேறு அறையில் உள்ள ஸ்விட்சையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு விலையாகச் சில அதிவேக போர்ட்டுகளை இழக்கிறீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்குக்கு மூளை ஒன்றுதான். மென்பொருளில் ஒரு பிழை தலைமையைத் தாக்கினால் அது எல்லாப் பெட்டிகளையும் பாதிக்கக்கூடும். புதிய பதிப்பு ஏற்றும்போது பெரும்பாலும் மொத்த ஸ்டாக்கும் மறுதொடக்கம் ஆகும். ஊழியர்களின் கணினிகளும் தொலைபேசிகளும் வந்து சேரும் அணுகல் அடுக்குக்கு இது ஏற்றுக்கொள்ளத்தக்கது. நெட்வொர்க்கின் நடுவே, எல்லாப் போக்குவரத்தும் கடக்கும் இடத்தில், தனித்தனி மூளையோடு இயங்கும் இரண்டு ஸ்விட்ச்களை எம்லேக் (இரு ஸ்விட்ச்களுக்குப் பிரிந்து போகும் கம்பிகளை ஒரே கட்டாக நடத்துவது) போன்ற முறையில் இணைப்பதையே நான் விரும்புகிறேன்.

கேபிளைத் தொடும் முன்

எல்லாப் பெட்டிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையா, ஒரே மென்பொருள் பதிப்பில் இருக்கின்றனவா, ஒரே உரிம நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தலைமை ஸ்விட்ச் தன் பதிப்பை மற்றவற்றுக்குத் தானே ஏற்றிவிடும் வசதி பல மாடல்களில் உண்டு. அதை நம்பி முதல்நாள் வேலையைத் திட்டமிடாதீர்கள். ஒவ்வொரு பெட்டியையும் மேசையில் தனியாக வைத்து, கன்சோல் கேபிள் (கணினியிலிருந்து ஸ்விட்சுக்கு நேரடியாகக் கட்டளையிடும் கேபிள்) மூலம் பதிப்பைச் சரிசெய்து, பழைய அமைவு ஏதேனும் இருந்தால் அழித்துவிட்டு ரேக்கில் ஏற்றினால், பின்னர் வரும் தலைவலிகளில் பாதி வராது.

ஒரு ஸ்டாக்கில் எத்தனை பெட்டிகள் சேர்க்கலாம் என்பது மாடலைப் பொறுத்தது. கேட்டலிஸ்ட் 9300 எட்டு வரை ஏற்கும். அருபா சிஎக்ஸ் 6300 பத்து வரை ஏற்கும். உச்சவரம்பு வரை போக வேண்டிய கட்டாயம் இல்லை. எட்டுப் பெட்டிகள் தேவையென்றால் நான்கு நான்காக இரண்டு ஸ்டாக் அமைப்பேன். ஒரு ஸ்டாக் விழுந்தாலும் மற்றப் பாதி நிற்கும். பதிப்பு ஏற்றும் இரவிலும் ஒரே நேரத்தில் மொத்தத் தளமும் இருளில் மூழ்காது.

கேபிள் நீளத்தையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். சிஸ்கோவின் ஸ்டாக் கேபிள்கள் 50 செ.மீ., 1 மீட்டர், 3 மீட்டர் என்ற அளவுகளில் வருகின்றன. எவ்வளவு தேவை என்பது அடுத்து வரும் வளையத்தின் வடிவத்தைப் பொறுத்தது.

வளையம்

ஒவ்வொரு ஸ்விட்சிலும் இரண்டு ஸ்டாக் போர்ட்டுகள். நான்கு பெட்டிகளுக்கு மூன்று கேபிள் போட்டாலே ஸ்டாக் உருவாகிவிடும்; விளக்குகள் பச்சையாக எரியும். இங்கேதான் புதியவர்கள் நின்றுவிடுகிறார்கள். மூன்று கேபிள் போட்டால் அது சங்கிலி. நடுவில் எந்தக் கண்ணி போனாலும் ஸ்டாக் இரண்டாகும். நடுவில் உள்ள ஒரு பெட்டி மின்சாரம் இழந்தாலும் அதுவே கதி. நான்காவது கேபிள் கடைசிப் பெட்டியை முதல் பெட்டியோடு சேர்த்து வளையத்தை மூடுகிறது. அதன்பின் எந்த ஒரு கேபிளோ, எந்த ஒரு பெட்டியோ போனாலும் மற்றவை வேறு பக்கமாகச் சுற்றிப் பேசிக்கொள்ளும். கேபிள்களின் எண்ணிக்கையும் பெட்டிகளின் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (இரண்டே பெட்டிகள் என்றாலும் கேபிள் இரண்டு.)

எளிய வளையத்தில் 1-2, 2-3, 3-4 என்று இறங்கிவந்து, 4-லிருந்து 1-க்கு ஒரு நீண்ட கேபிள் ஏறும். பெட்டிகள் ஒட்டி ஒட்டி இருந்தால் இது சிக்கலில்லை. ரேக்கில் ஒரு அலகின் உயரம் 44.45 மி.மீ.; அடுத்தடுத்த நான்கு பெட்டிகளில் முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஏறத்தாழ 13 செ.மீ.தான். ஆனால் நல்ல ரேக்குகளில் ஸ்விட்ச், பேட்ச் பேனல் (அறைகளிலிருந்து வரும் கேபிள்கள் முடியும் பலகை), ஸ்விட்ச், பேட்ச் பேனல் என்று மாறி மாறி வைப்பார்கள். அப்படி எட்டு ஸ்விட்ச்கள் இருந்தால் மேலுக்கும் கீழுக்கும் இடையே 62 செ.மீ. வந்துவிடும். 50 செ.மீ. கேபிள் எட்டாது. யாரோ இழுத்துக்கட்டப் பார்ப்பார்கள். இழுபட்ட முனை மெல்லக் கழன்றுகொண்டே வரும்.

அதற்கு அழகான மாற்று ஒன்று உண்டு: பின்னல் வளையம். எந்தக் கேபிளும் இடையில் ஒரு பெட்டிக்கு மேல் தாண்டாது. ஐந்து பெட்டிகளுக்கு இப்படி:

முதல் பெட்டியின் போர்ட் 1 – இரண்டாவதின் போர்ட் 2
இரண்டாவதின் போர்ட் 1 – நான்காவதின் போர்ட் 2
நான்காவதின் போர்ட் 1 – ஐந்தாவதின் போர்ட் 2
ஐந்தாவதின் போர்ட் 1 – மூன்றாவதின் போர்ட் 2
மூன்றாவதின் போர்ட் 1 – முதல் பெட்டியின் போர்ட் 2

தாளில் வரைந்து விரலால் தொடர்ந்து பாருங்கள்: 1-2-4-5-3, மறுபடியும் 1. ஒரே அளவுக் குட்டைக் கேபிள்களே போதும். கையிருப்பில் ஒன்றை வைத்திருந்தால் எந்த இடத்துக்கும் பொருந்தும். ஒரு பெட்டியின் போர்ட் 1 எப்போதும் அடுத்ததன் போர்ட் 2-க்கே போகிறது என்ற ஒழுங்கையும் கவனியுங்கள். பல மாடல்கள் இதைக் கட்டாயமாக்குவதில்லை என்றாலும், இந்த ஒழுங்கு இருந்தால் நள்ளிரவில் ஒரு பழுதைத் தேடுகிறவருக்கு எந்த முனை எங்கே போகிறது என்பது பார்க்காமலே தெரியும்.

ஸ்டாக் கேபிள் தடிமனானது, வளைய மறுப்பது. வளைவை மென்மையாக விடுங்கள். மின்கம்பிகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டாதீர்கள். முனையை நேராகப் பிடித்து உள்ளே தள்ளி, இருபக்கத் திருகுகளையும் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் முனை சாய்ந்து உட்காரும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கேபிளுக்கு நேர்ந்தது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். கேபிளின் இரு முனைகளிலும் சீட்டு ஒட்டி, இந்த முனை எங்கே, மறுமுனை எங்கே என்று இரண்டையும் எழுதுங்கள்.

கேபிளிடும் வேலை முழுவதும் பெட்டிகள் அணைந்த நிலையில் நடக்கட்டும்.

யார் தலைமை

நீங்கள் சொல்லாவிட்டால் பெட்டிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்திக்கொள்ளும். முன்னுரிமை எண் சமமாக இருந்தால் சிஸ்கோவில் சிறிய மேக் முகவரி (தயாரிக்கும்போதே பதிக்கப்படும் அடையாள எண்) கொண்ட பெட்டி வெல்லும். மேக் முகவரி சிறியது என்றால் பெரும்பாலும் முன்னதாகத் தயாரானது என்று பொருள். ஆக, உங்கள் ஸ்டாக்கின் மிகப் பழைய பெட்டியே தலைவராகிவிடும். அதை விதியின் கையில் விடாதீர்கள். சிஸ்கோவில் முன்னுரிமை 1 முதல் 15 வரை, இயல்பு மதிப்பு 1. ஜூனிப்பரில் 0 முதல் 255 வரை, இயல்பு 128. சிஸ்கோ என்றால் தலைமைக்கு 15, மாற்றுத் தலைமைக்கு 14 என்று எழுதிவிடுங்கள். அங்கே எண்ணை மாற்றியவுடன் தலைமை மாறிவிடாது. அடுத்த தேர்தல் நடக்கும்போதுதான், அதாவது பொதுவாக மறுதொடக்கத்தின்போதுதான், அது செல்லுபடியாகும்.

மின்சாரம் கொடுக்கும் வரிசையும் இதோடு சேர்ந்தது. தலைமையாக வேண்டிய பெட்டியை முதலில் இயக்குங்கள். அடுத்து மாற்றுத் தலைமை. பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக. கேட்டலிஸ்ட் 9300-ல் முதல் பெட்டி எழுந்ததிலிருந்து 120 வினாடிகளுக்குள் எழுபவை அந்தத் தேர்தலில் கலந்துகொள்ளும். தாமதமாக வருபவை வெறும் உறுப்பினராகச் சேரும். முதல்முறை இயக்கும்போது உறுப்பினர் எண்களும் வழங்கப்படுவதால், ரேக்கில் மேலிருந்து கீழாக எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். மேலே இருக்கும் பெட்டி 3 என்றும் நடுவில் இருப்பது 1 என்றும் ஆகிவிட்டால், போர்ட் எண்கள் எல்லாம் அதன்படியே அமையும். ஆறு மாதம் கழித்து யாரோ தவறான பெட்டியின் கேபிளைப் பிடுங்குவார்கள். எண்ணை மாற்றும் கட்டளை உண்டு. போர்ட் அமைவுகளை எழுதத் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது. பல கேட்டலிஸ்ட் மாடல்களில் முன்பக்கப் பொத்தானால் ஸ்டாக் நிலையைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பெட்டியின் எண்ணுக்குரிய போர்ட் விளக்கு மினுங்கும்; எண்ணைச் சரிபார்க்கக் கணினிகூடத் தேவையில்லை.

அப்லிங்க்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

வளையத்தை மூடியவுடன் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பலர் நிறைவடைகிறார்கள். ஆனால் அப்லிங்குகள், அதாவது ஸ்டாக்கிலிருந்து மேலே மைய ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஃபைபர்களும், முதல் பெட்டியின் அடுத்தடுத்த போர்ட்டுகளிலேயே செருகப்பட்டிருக்கும். அந்தப் பெட்டி போனால் மற்ற மூன்றும் நலமாக, வளையம் அறுந்த நிலையிலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, வெளியுலகத் தொடர்பு எதுவும் இல்லாமல் நிற்கும். இதை நான் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

அப்லிங்குகளை வெவ்வேறு பெட்டிகளுக்குப் பிரியுங்கள். எந்தப் பெட்டிகள் என்பதை வளையத்தை வைத்துத் தீர்மானியுங்கள். நான்கு பெட்டிப் பின்னல் வளையம் 1-2-4-3 என்று சுற்றுகிறது. 2-லும் 3-லும் அப்லிங்க் வைத்தால், 1-க்கும் சரி 4-க்கும் சரி, இரண்டு அப்லிங்குகளும் ஒரே தாவலில் கிடைக்கின்றன. இப்போது தலைமையை 1-லும் மாற்றுத் தலைமையை 4-லும் வையுங்கள். தலைமை விழும் நொடியில் ஸ்டாக்குக்குத் தலைமையை மாற்றும் ஒரு வேலை மட்டுமே இருக்கும். அதே நொடியில் அப்லிங்கையும் இழந்து தடுமாற வேண்டியதில்லை. எளிய வளையம் என்றால் அப்லிங்க் 2-லும் 4-லும், தலைமைகள் 1-லும் 3-லும்.

பிரித்த அப்லிங்குகளை ஒரே கட்டாகச் சேர்ப்பது அடுத்த படி. அதற்கான பொது நெறிமுறை எல்ஏசிபி. 2000-ஆம் ஆண்டு ஐஇஇஇ 802.3ஏடி என்ற பெயரில் வந்து, பின்னர் 802.1ஏஎக்ஸ் ஆனது. இரண்டு ஃபைபர்களையும் தனித்தனியாக விட்டால், ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை லூப்புக்கு (தரவு ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு) அஞ்சி ஒன்றை அடைத்து வைத்துவிடும். விலை கொடுத்த வேகத்தில் பாதி சும்மா கிடக்கும். கட்டாகச் சேர்த்தால் இரண்டும் வேலை செய்யும், ஒன்று போனால் மற்றது ஏந்திக்கொள்ளும். எல்ஏசிபி இல்லாமல் நிலையான கட்டாக அமைக்கும் வழியும் உண்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள். மறுமுனை தவறான கருவியில் செருகப்பட்டிருந்தால் எல்ஏசிபி அந்த இணைப்பைக் கட்டில் சேர்க்காது. நிலையான கட்டு கண்ணை மூடிக்கொண்டு போக்குவரத்தை அனுப்பும். இருமுனைகளிலும் ஆக்டிவ் நிலை (தானே முன்வந்து எல்ஏசிபி பேசும் நிலை) இருக்கட்டும்.

பழைய மாடல்கள் சிலவற்றில், தலைமை மாறும்போது ஸ்டாக்கின் மேக் முகவரியும் மாறிவிடும். மேலுள்ள கருவி இதை வேறொரு ஸ்விட்ச் என்று எண்ணி எல்ஏசிபி கட்டை அவிழ்த்துக் கட்டும். அந்த இடைவெளியில் எல்லோருக்கும் இணைப்பு போகும். மேக் முகவரியை நிலையாக வைத்திருக்கும் அமைவு இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

மேலே போகும் முனைகளும் பிரிய வேண்டும். இரண்டு ஃபைபரும் ஒரே மைய ஸ்விட்சில், ஒரே கார்டில் போய் முடிந்தால் கீழே பிரித்ததற்குப் பலன் பாதிதான். முடிந்தால் ஃபைபர்கள் கட்டடத்துக்குள் செல்லும் குழாய்களையும் பிரியுங்கள். ஒரே குழாயில் ஓடும் இரண்டு ஃபைபரை ஒரே துளைக்கருவி ஒரே நொடியில் அறுத்துவிடும்.

எந்தக் கேபிள் என்று கேட்பீர்கள். 10 ஜிகாபிட் வேகத்தில் ஓஎம்3 என்ற மல்டிமோட் ஃபைபர் 300 மீட்டர் வரையும், ஓஎம்4 400 மீட்டர் வரையும் போகும். எல்ஆர் வகை எஸ்எஃப்பியும் (ஃபைபரை இணைக்க போர்ட்டில் செருகும் சிறு கருவி) சிங்கிள் மோட் ஃபைபரும் இருந்தால் 10 கி.மீ. வரை. செம்பில் கேட்6ஏ 100 மீட்டர் தாங்கும். கேட்6 நல்ல சூழலில் 55 மீட்டர். அதே ரேக்குக்குள் என்றால் டிஏசி கேபிள் (இருமுனைகளிலும் செருகி பொருத்தியே வரும் செம்புக் கேபிள்) மலிவானது, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும்.

வேகம் எங்கே சிக்கிக்கொள்கிறது

நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 48 ஒரு ஜிகாபிட் போர்ட்டுகள்: மொத்தம் 192 ஜிகாபிட். மேலே இரண்டு 10 ஜிகாபிட் அப்லிங்குகள்: 20. விகிதம் 9.6:1. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் இது நன்றாகவே ஓடும். அணுகல் அடுக்கில் 20:1 வரை போகலாம் என்பது சிஸ்கோவின் நீண்டகால வழிகாட்டுதல். ஆனால் கணக்கை அத்தோடு முடிக்காதீர்கள். ஒரு அப்லிங்க் போனபின் விகிதம் 19.2:1 ஆகும், எல்லைக்கு உள்ளேதான். அதே இரண்டு அப்லிங்குகளில் எட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டால் நல்ல நாளிலேயே 19.2:1, ஒன்று போனால் 38.4:1. பழுது ஏற்பட்ட நாளின் எண்ணைக் கணக்கிட்டு அதன்படி அப்லிங்குகளை வாங்குங்கள்.

இரண்டு 10 ஜிகாபிட்டைக் கட்டினால் ஒரு கோப்பை 20 ஜிகாபிட் வேகத்தில் நகலெடுக்கலாம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. எல்ஏசிபி ஒரே உரையாடலின் பொட்டலங்களை (தரவுத் துண்டுகளை) ஒரே கம்பியில்தான் அனுப்பும்; வரிசை கலையாமல் இருக்க அதுவே வழி. பல உரையாடல்கள் இருக்கும்போதுதான் இரண்டு கம்பிகளும் நிரம்பும். எந்த உரையாடல் எந்தக் கம்பிக்கு என்பதை முகவரிகளைக் கொண்டு கணக்கிட்டு முடிவு செய்கிறது. அது சேருமிட மேக் முகவரியை மட்டும் வைத்து இருந்தால் விபரீதம்: மேலே போகும் பெரும்பகுதிப் போக்குவரத்தின் சேருமிட மேக் ஒன்றே ஒன்று, அதாவது ரூட்டருடையது. எல்லாம் ஒரே கம்பியில் நெருக்கியடிக்கும், மற்றது காற்றாடும். அனுப்புநர், பெறுநர் இருவரின் ஐபி முகவரிகளையும் சேர்த்துக் கணக்கிடும்படி மாற்றிவிடுங்கள். போர்ட் எண்களையும் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

வளையத்தின் வேகத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் இரு போர்ட்டுகளையும் இரு திசைகளையும் கூட்டிச் சொல்வது. சிஸ்கோவிலேயே 9200எல் மாடலுக்கு 80 ஜிகாபிட், 9300-க்கு 480 என்று வேறுபாடு பெரிது. பழைய 3750-இல் வந்த முதல் ஸ்டாக்வைஸ் (சிஸ்கோவின் ஸ்டாக் நுட்பம்) 32 ஜிகாபிட்தான். அதில் அனுப்பிய பெட்டியே திரும்பப் பெற்று நீக்கும்வரை ஒவ்வொரு பொட்டலமும் முழு வளையத்தையும் சுற்றியது. பிந்தைய தலைமுறைகளில் சேருமிடப் பெட்டியே எடுத்துக்கொள்வதால் வளையத்தின் மறுபகுதி வேறு போக்குவரத்துக்குக் கிடைக்கிறது. அதனால்தான் இடம்பார்த்து வைப்பது பலன் தருகிறது: அதிகம் பேசும் கருவிகளை அப்லிங்க் உள்ள பெட்டியிலோ அதற்குப் பக்கத்துப் பெட்டியிலோ வைத்தால், வளையத்தில் அவை நடக்கும் தூரம் குறையும். 10 ஜிகாபிட் முன்போர்ட்டுகளால் ஸ்டாக் செய்திருந்தால் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வளையம் ஓரிடத்தில் அறுந்துவிட்டால், ஓரத்தில் நிற்கும் பெட்டிகளின் மொத்தப் போக்குவரத்தும் ஒரே 10 ஜிகாபிட் கம்பிவழியே வர வேண்டியிருக்கும்.

கீழே இணையும் கருவிகள்

இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வருக்கு ஒரு கம்பியை ஒரு பெட்டியிலும் மற்றதை வேறு பெட்டியிலும் செருகி எல்ஏசிபி கட்டாக்குங்கள். வைஃபை கருவிகளுக்கு ஒரே போர்ட் என்றாலும் அவற்றையும் சிந்தித்து வைக்கலாம்: ஒரு தளத்தில் அடுத்தடுத்து இருக்கும் கருவிகளை வெவ்வேறு பெட்டிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒரு பெட்டி விழும்போது ஒரு முழு மூலையும் மௌனமாகாது, பக்கத்துக் கருவி ஓரளவு ஈடுகொடுக்கும். பேட்ச் பேனலின் வரிசைப்படி அப்படியே ஸ்விட்சில் செருகிக்கொண்டே போகும் பழக்கம் அழகாக இருக்கும், ஆனால் ஒரு துறை முழுவதையும் ஒரே பெட்டியின் தலையில் கட்டிவிடும்.

மின்சாரம்

இரட்டை மின்வழங்கி உள்ள பெட்டிகளில் ஒன்றை ஒரு யூபிஎஸ்ஸுக்கும் மற்றதை இன்னொரு சுற்றுக்கும் கொடுங்கள். ஒற்றை மின்வழங்கி என்றால் பெட்டிகளை இரு சுற்றுகளுக்கும் பிரித்துவிடுங்கள். அப்லிங்க் உள்ள இரண்டு பெட்டிகளும் ஒரே சுற்றில் வரக்கூடாது, தலைமையும் மாற்றுத் தலைமையும் ஒரே சுற்றில் வரக்கூடாது. 9300 போன்றவற்றில் ஸ்டாக்பவர் என்ற தனிக் கேபிள் வளையமும் உண்டு. நான்கு பெட்டிகள் வரை தம் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். அது தரவுக் கேபிளைப் போலவே பின்புறம் இருப்பதால், சீட்டு ஒட்டும்போது நிறத்தால் வேறுபடுத்துங்கள்.

பிடுங்கிப் பார்த்தல்

எல்லாம் எழுந்தபின் திரையில் பாருங்கள். சிஸ்கோவில் 'ஷோ ஸ்விட்ச்' கட்டளை ஒவ்வொரு பெட்டியின் பங்கையும், முன்னுரிமையையும், அது 'ரெடி' நிலையில் இருக்கிறதா என்பதையும் காட்டும். 'ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ் சம்மரி' ஒவ்வொரு ஸ்டாக் போர்ட்டின் எதிரே எந்தப் பெட்டி இருக்கிறது என்று சொல்லும். 'ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-ரிங் ஸ்பீடு' வளையம் முழுமையா பாதியா என்று ஒரே சொல்லில் காட்டிவிடும். ஜூனிப்பரில் 'ஷோ விர்ச்சுவல்-சேஸி', அருபா சிஎக்ஸில் 'ஷோ விஎஸ்எஃப்'. 'பாதி' என்று வந்தால் எந்தக் காரணத்தைக்கொண்டும் அன்று வீட்டுக்குப் போகாதீர்கள்.

பிறகு, பயனர்கள் வந்து சேரும் முன், ஒரு மடிக்கணினியை ஏதோ ஒரு பெட்டியில் இணைத்து, மேலுள்ள ரூட்டருக்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். ஒரு ஸ்டாக் கேபிளைக் கழற்றுங்கள். பிங் ஓரிரு பொட்டலம் தவறலாம், நிற்கக்கூடாது. வளையம் 'பாதி' என்று காட்ட வேண்டும்; எச்சரிக்கை அஞ்சலும் உங்களுக்கு வந்து சேர வேண்டும். திரும்பச் செருகி, வளையம் முழுமையாவதைப் பார்த்த பின்னரே அடுத்த கேபிளுக்குப் போங்கள். இரண்டு கேபிளை ஒரே நேரத்தில் கழற்றினால் நீங்களே ஸ்டாக்கைப் பிளக்கிறீர்கள். கேபிள்கள் முடிந்ததும் அப்லிங்குகளை ஒவ்வொன்றாக. கடைசியாக, தலைமைப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். கை நடுங்கும், எனக்கு இன்றும் நடுங்கும். ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு ஸ்டாக்கை நான் ஒப்படைத்ததில்லை. தலைமை மாற எத்தனை வினாடி ஆனது என்று குறித்துவையுங்கள்.

பிளவு நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் அறிந்திருங்கள். இரு துண்டுகளும் ஒரே மேக் முகவரியோடு மேலே எல்ஏசிபி பேசினால், மேலுள்ள கருவி இன்னும் ஒரே கட்டு என்றே நம்பும். இடதுதுண்டில் உள்ள கணினிக்கான பொட்டலத்தை வலதுதுண்டுக்கு அனுப்பும். அது அங்கேயே தொலையும். இணைப்பு விட்டுவிட்டு வந்ததன் காரணம் இதுதான். அருபா சிஎக்ஸில் நிர்வாகப் போர்ட் வழியாகப் பிளவைக் கண்டறியும் அமைவு உண்டு. அந்தப் போர்ட்டுகளுக்கும் கேபிள் கொடுத்து அதை இயக்கிவிடுங்கள். ஜூனிப்பரிலும் பிளவறியும் ஏற்பாடு உண்டு, ஆனால் இரண்டே உறுப்பினர் கொண்ட ஸ்டாக்கில் அதை அணைத்துவைக்குமாறு அந்நிறுவனமே பரிந்துரைக்கிறது. இல்லாவிட்டால் துணைப்பெட்டி இறந்ததைப் பிளவு என்று எண்ணி, நலமாக இருக்கும் பெட்டியும் ஒதுங்கிவிடக்கூடும்.

பழுதான பெட்டியை மாற்றும்போது

புதிய பெட்டியை மேசையில் வைத்துப் பதிப்பைச் சரிசெய்து, பழையதன் உறுப்பினர் எண்ணைக் கொடுத்து, முன்னுரிமையைத் தாழ்வாக வைத்து, அணைத்துவிடுங்கள். பழைய பெட்டியின் ஸ்டாக் கேபிள்களைக் கழற்றும் முன் வளையத்தின் மற்றக் கேபிள்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று திரையில் உறுதிசெய்யுங்கள். புதிய பெட்டியை ரேக்கில் ஏற்றி, ஸ்டாக் கேபிள்கள் இரண்டையும் செருகித் திருகி, அதன்பிறகே மின்சாரம் கொடுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் பெட்டியைச் செருகினால் இரண்டு ஸ்டாக்குகள் ஒன்றுசேர்வதாகக் கருதப்பட்டு மறுபடி தேர்தல் நடக்கும். தோற்கும் பக்கம் முழுவதும் மறுதொடக்கம் ஆகும். அந்தப் பக்கம் உங்கள் பழைய மூன்று பெட்டிகளாகவும் இருக்கலாம். புதிய பெட்டி 'ரெடி' என்று வந்ததும், வளையம் மறுபடி 'முழுமை' என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, கேபிள் முனைகளின் சீட்டில் தேதியை எழுதி ரேக்கின் கதவைச் சாத்துங்கள்.